மூன்றாவது வரிசையில் யார் உட்காருவது? பழைய பிரெஞ்சுக் குடும்பக் கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், என் அம்மா. அக்கா வந்துவிட்டால் ஏழு. பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறோம். ஆகஸ்ட் விடுமுறைக்குத் தெற்கே கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கார்களில் பிரிந்துதான் போக வேண்டியிருக்கிறது. முன்னால் போகிற காரில் என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. இந்த முறை ஒரே காரில் போவோம், அதுவும் இந்த நாடு தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பழைய குடும்பக் கார் ஒன்றில் போவோம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். அதற்காக மூன்று வருடங்கள் பணம் சேர்த்தோம்.

எதை வாங்குவது என்பதில்தான் ஆறு மாதம் போய்விட்டது. கடைசியில் நான்கு பெயர்கள் மிஞ்சின: சித்ரோயன் டி.எஸ்., அதே நிறுவனத்தின் சி.எக்ஸ்., பெஜோ 504, பெஜோ 505. இவற்றை எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற பெரிய குடும்பம் ஒன்றுக்கு உதவலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சில் ஸ்டேஷன் வேகனுக்கு 'பிரெக்' என்று பெயர். குதிரை வண்டிக் காலத்துச் சொல் அது. பிரெக் என்றால் பின்புறம் நீண்ட கூரையும் பெரிய பின்கதவும் சாமான் வைக்கும் இடமும் கொண்ட கார். 'ஃபமிலியால்' என்பது வேறு. அதே நீண்ட உடலுக்குள் சாமான் இடத்தைக் குறைத்து, மூன்றாவது இருக்கை வரிசை ஒன்றை வைத்துக் கட்டியது அது. 'கொமெர்சியால்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. வாரநாளில் கடைச் சாமான் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை வீட்டாரை ஏற்றுகிற சிறு வியாபாரிக்கான எளிய வடிவம். விளம்பரங்களில் மூன்றையும் கலந்து 'பிரெக்' என்றே போட்டுவிடுவார்கள். பின்கதவைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்தக் கார்கள் ஏன் பிரான்ஸில் இவ்வளவு செழித்தன என்பதற்குக் காரணம் தொழிற்சாலைக்கு வெளியே இருக்கிறது. தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை 1936இல் சட்டமானது. மூன்றாவது வாரம் 1956இலும், நான்காவது வாரம் 1969இலும் சேர்ந்தன. போருக்குப் பின் பிள்ளைகள் நிறையப் பிறந்த காலம். வீட்டுக்கு வீடு மூன்றும் நான்கும் பிள்ளைகள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மொத்த நாடும் தெற்கே கிளம்பும். பாரிஸிலிருந்து மாந்தோன் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடுகிற ஏழாம் எண் தேசியச் சாலையில், கூரைமேல் பெட்டி கட்டிய கார்கள் வால்பிடித்து நிற்கும். அந்த வரிசையில் நிற்பதற்கென்றே பிறந்தது ஃபமிலியால்.

பெஜோ இதை முதலிலேயே புரிந்துகொண்டது. 1948இல் வந்த 203 காருக்கு நீட்டிய உடல் செய்தபோது, கூரையை மட்டும் நீட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தையே 2.58 மீட்டரிலிருந்து 2.78 மீட்டராக்கியது. கூட்டிய 20 சென்டிமீட்டரும் இரண்டாம் வரிசைக்காரரின் முழங்காலுக்கும் மூன்றாம் வரிசைக்காரரின் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 403, 404, 504, 505 என்று அடுத்தடுத்து வந்த எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். 404இல் 2.65 மீட்டர் 2.84 ஆயிற்று, 504இல் 2.74 மீட்டர் 2.90 ஆயிற்று. காரின் நடுவில் துண்டு வைத்துத் தைத்ததுபோன்ற இந்தச் சிரத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னால் உட்காருகிறவரும் பயணிதான் என்று நினைத்த யாரோ ஒருவர் வரைபலகைக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

சித்ரோயனின் டி.எஸ். கதை வேறு வகை. 1955 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் திரை விலகி நின்ற முதல் நாளிலேயே 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள் என்பது இன்றும் இங்கே பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. பெயரைச் சேர்த்து உச்சரித்தால் பிரெஞ்சில் 'பெண் தெய்வம்' என்று பொருள் வரும். உருவத்தைச் செதுக்கியவர் ஃப்ளாமினியோ பெர்தோனி என்ற சிற்பி. உள்ளே எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்குகிற சஸ்பென்ஷனை வகுத்தவர் போல் மாஜெஸ். அதன் பிரெக் வடிவம் 1958 கண்காட்சியில் வந்தது. டி.எஸ்.ஸின் அச்சிடைத் தூரமே 3.12 மீட்டர் என்பதால் இங்கே நீட்டவேண்டிய தேவை எழவில்லை.

அந்தக் காரை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்ஜினைக் கிளப்பினால் தூங்கி எழுந்த மாடுபோல முதலில் பின்புறம் எழும், பிறகு முன்புறம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கோளம். கோளத்தின் நடுவே ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் பம்பு அழுத்தித் தருகிற திரவம். ஸ்பிரிங் செய்யவேண்டிய வேலையை நைட்ரஜன் செய்கிறது. எட்டுப் பேர் ஏறினாலும் பெட்டி ஏறினாலும் காரின் உயரம் மாறாது. இதைவிட நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைப் பின் சஸ்பென்ஷனிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பாரம் கூடக் கூட அங்கே அழுத்தம் கூடும், கூடிய அழுத்தம் பின் பிரேக்குக்கும் போகும். சாமான் நிறைந்த குடும்பக் காருக்கு எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பதைக் காரே தீர்மானித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில், வெறும் குழாயும் வால்வும் கொண்டு.

பின்கதவு இரண்டு துண்டு. மேல் பாதி மேலே திறக்கும், கீழ்ப் பாதி கீழே மடிந்து பலகையாகும். நீளச் சாமான் ஏற்றிக் கீழ்க்கதவைத் திறந்துபோட்டபடியே ஓட்டினால் எண் பலகை தரையைப் பார்க்குமே? அதற்காகக் கதவில் இரண்டு எண் பலகைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தார்கள். கதவு மூடியிருந்தால் ஒன்று தெரியும், மடிந்திருந்தால் மற்றது தெரியும். முதல்முறை இதைப் பார்த்தபோது சிறுபிள்ளைபோல நான்கைந்து தடவை மூடித் திறந்து பார்த்தேன்.

ஆனால் நாங்கள் வாங்கப்போவது உட்காருவதற்கு. டி.எஸ். பிரெக்கில் சாமான் இடத்துக்குள் பக்கவாட்டில் இரண்டு மடக்கு இருக்கைகள் உண்டு. எதிரெதிரே முகம் பார்த்து உட்காரவேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முழங்கால் வலியுள்ள அம்மாவை அதில் ஏறச் சொல்ல முடியாது. ஃபமிலியால் வடிவத்தில் ஏற்பாடு நேர்மாறு. கடைசி வரிசையில் நல்ல அகலமான பெஞ்சு, நடுவில் மடக்கக்கூடிய மூன்று சிறு இருக்கைகள். நடு இருக்கைகளை மடக்கிவிட்டால் கடைசி வரிசைக்காரர் காலை நீட்டிக்கொண்டு போகலாம். பாட்டிக்கு மரியாதை செய்த ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன்.

இங்கேதான் மனம் ஒருபக்கமும் புத்தி ஒருபக்கமும் இழுத்தன. காரணம் சீட் பெல்ட். பிரான்ஸில் புதிய கார்களின் பின்னிருக்கைக்கும் பெல்ட் பொருத்தவேண்டும் என்ற விதி 1978இல்தான் வந்தது. டி.எஸ். தயாரிப்பு 1975இல் நின்றுவிட்டது. எங்கள் கடைக்குட்டிக்கு ஆறு வயது, நடுவிலவனுக்கு எட்டு. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவர்கள் உடலுக்கேற்ற இருக்கை வைத்துக் கட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். பழைய கார்களுக்குச் சலுகை இருக்கலாம், அது வேறு பேச்சு. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மடக்கு இருக்கையில் மகன் கட்டில்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது.

இருவராக வாழ்கிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், பணமும் பொறுமையும் உள்ளவர்கள் டி.எஸ். பிரெக்கையே வாங்குங்கள். நான்கில் விலை அதிகம் அதற்குத்தான், அந்த விலைக்கு அது தகுதியானது. 1966க்குப் பிந்தியதாகப் பாருங்கள். அதற்கு முன் பயன்பட்ட சிவப்புத் திரவம் ஈரத்தை உறிஞ்சிக் குழாய்களை அரிக்கும். 1966 செப்டம்பரிலிருந்து வந்த பச்சை நிறக் கனிம எண்ணெய் அந்தத் தொல்லையை ஒழித்தது. பச்சைத் திரவம் ஓடுகிற காரில் கோளங்களுக்கும் பச்சை நிறமே அடித்திருப்பார்கள். பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

சி.எக்ஸ். காரைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சற்று ஊர்ப்பாசம் உண்டு. 1974இல் வந்த அது, பாரிஸுக்கு வடகிழக்கே ஒல்னே-சு-புவா தொழிற்சாலையில் பிறந்தது. ஈழத்தமிழர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் சேன்-சன்-துனி மாவட்டத்து ஊர் அது. 2013இல் அங்கிருந்து கடைசிக் கார் வெளியேறியது. சி.எக்ஸ். பிரெக்கின் அச்சிடைத் தூரம் 3.09 மீட்டர், செடானைவிட 25 சென்டிமீட்டர் கூடுதல். ஃபமிலியாலில் எட்டுப் பேர் முன்னோக்கி உட்காரலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையை விட்டால், கார் நின்றுகொண்டிருந்தாலும்கூட அதுவாகவே நேருக்கு வந்துவிடும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரைச் சுற்றுதான். பழகும்வரை தும்மினாலே காரும் விலகும் என்பார்கள் ஓட்டியவர்கள். பழகிய பிறகு வேறு எதையும் ஓட்டப் பிடிக்காதாம்.

நீண்ட பயணத்துக்கு இந்த நான்கில் மிகச் சுகமானது சி.எக்ஸ்.தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தயக்கம் துருவைப் பற்றியது. குறிப்பாக முற்காலத்துச் சி.எக்ஸ். கார்களின் தகடு துருவுக்கு இளக்காரம் என்பது எல்லோரும் அறிந்தது. சஸ்பென்ஷனைப் பார்த்துத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் கோளத்தைக் கழற்றி மாற்றுவது அரைநாள் வேலைகூட இல்லை. அடித்தகட்டில் ஒரு வீடளவு வெல்டிங் வேலை இருந்தால்தான் சேமிப்பு கரையும். பின்னாளைய பிரெக்குகளைத் தேடலாம். செடான் நின்ற பிறகும் பிரெக் மட்டும் 1991 வரை தொடர்ந்தது, கடைசிக் காலத்தில் ஹூலியே நிறுவனம் அதைக் கட்டியது. காரைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இனி பெஜோ 504. ஆறு மாதத் தேடலில் நான் அதிகநேரம் அடியில் படுத்துப் பார்த்த கார் இது. 1968இல் வந்தது, மறுவருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. நீட்டிய உடல்கள் 1971இல் சேர்ந்தன. செடானில் பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும். பிரெக்கிலோ கெட்டியான ஒற்றை அச்சு. அதன்மேல் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுருள் ஸ்பிரிங்குகள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, பக்கத்துப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற அந்த இரண்டு ஸ்பிரிங்குகள் சுமை தூக்கும் இரு தொழிலாளிகள்போலத் தெரிந்தன. நுட்பமென்று ஒன்றும் இல்லை. எந்த ஊர்ப் பட்டறையிலும் கழற்றி மாட்டலாம்.

அதனால்தான் ஆப்பிரிக்கா இதைத் தன் காராகவே ஆக்கிக்கொண்டது. நைஜீரியாவின் கடுனா நகரில் தொழிற்சாலை எழுந்தது. செனகலில் ஊருக்கு ஊர் ஓடுகிற பகிர்வு டாக்சிக்கே 'செட் பிளாஸ்' என்று பெயர் வந்தது, 'ஏழு இருக்கை' என்று பொருள். அந்தப் பெயரைச் சம்பாதித்தவை 504, 505 கார்கள்தாம். பிரான்ஸில் 504 தயாரிப்பு 1983இல் முடிந்தபின்னும் கென்யாவில் 2004 வரை தொடர்ந்தது. ஐரோப்பாவில் ஓடிக் களைத்தவையும் கப்பலேறி அங்கேயே போயின. அதன் விளைவை இன்று வாங்குகிற நாம் அனுபவிக்கிறோம். பிரான்ஸிலேயே நல்ல 504 ஃபமிலியால் கிடைப்பது அரிது.

504இல் டீசல் வகையும் உண்டு. அந்த டீசல் இன்ஜின் குடும்பத்துக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. பெஜோவின் அந்தெனோர் டீசல் இன்ஜினை உரிமம் பெற்று இந்தியாவின் மகிந்திரா நிறுவனம் தன் ஜீப்புகளில் பொருத்தியது. எம்.எம். 540 ஜீப் ஓட்டியவர்கள் 504 டீசல் கிளம்பும் சத்தத்தைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டே இது நம் சத்தமாயிற்றே என்பார்கள்.

504இன் மூன்று வரிசையும் முன்னோக்கியவை. பின்கூரை சற்று உயர்ந்திருப்பதால் கடைசி வரிசையில் தலை இடிக்காது. அழகு என்று கேட்டால் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா வரைந்த அந்தச் சாய்ந்த முகவிளக்குகளுக்கு நான் அடிமை. என் அம்மா அதன் பக்கத்தில் நின்று கதவைத் தடவிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அவர் இளம்வயதில் ஏறிய வாடகைக் கார்கள் ஆஸ்டினும் மொரிஸும். "இது அதுகளை விடக் கனக்கக் கட்டியா இருக்கு" என்றார். அவர் ஒரு காரைப் பற்றிச் சொல்லக்கூடிய உச்சப் பாராட்டு அது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 404 ஃபமிலியால் இன்னும் அழகு, இன்னும் எளிமை. 1963, 1966, 1967, 1968 ஆண்டுகளில் கிழக்காப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற குலம். பெல்ட் விஷயத்தில் டி.எஸ்.ஸுக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். 602 சிசி இன்ஜின் கொண்ட சித்ரோயன் அமி 6, 1966இல் பிரான்ஸிலேயே அதிகம் விற்ற கார், அதற்கும் பிரெக் உண்டு. நான்கு பேருக்கு அது தங்கம், ஏழு பேருக்கு ஆகாது. ரெனோ 12 பிரெக்கும் அப்படியே. ரெனோ 21 நெவாடா ஏழு இருக்கையோடு 1986இலிருந்து கிடைத்தது. பணம் குறைவாக உள்ளவர்கள் தயங்காமல் அதைப் பாருங்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே ரெனோ எஸ்பாஸ் என்ற குடும்ப வேன் வந்து, நீண்ட கூரைக் கார்களின் காலத்தை முடிக்கத் தொடங்கியிருந்தது. முதல் மாதத்தில் விற்றது ஒன்பதே ஒன்பது எஸ்பாஸ்கள். பத்து வருடத்தில் ஃபமிலியால் என்ற சொல்லையே மக்கள் மறந்துபோனார்கள்.

அந்த மறதிக்கு முன் கடைசியாக நின்றது 505. 1979இல் செடான், 1982இல் பிரெக்கும் ஃபமிலியாலும், பிரெக்குகள் 1992 வரை. அச்சிடைத் தூரம் 504 பிரெக்கின் அதே 2.90 மீட்டர். மொத்த நீளம் 4.90 மீட்டர். எங்கள் கட்டடத்தின் நிலத்தடி நிறுத்துமிடம் 5 மீட்டர். இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும், டி.எஸ். பிரெக் அங்கே நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். பின்னால் அதே கெட்டி அச்சு, அதே நான்கு ஸ்பிரிங். இரண்டு, மூன்று, மூன்று என்று எட்டு இருக்கை. பல வகைகளில் பவர் ஸ்டீயரிங் உண்டு என்பதால் மனைவியும் சிரமமின்றி ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னிருக்கைப் பெல்ட் விதி வந்தபின் பிறந்த கார்.

504ஐ விட 505 அழகா என்றால் இல்லை. சாலையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பழைய கார் என்றுகூடச் சிலர் எண்ணமாட்டார்கள். விலையும் அதற்கேற்ப இறங்கியிருக்கிறது. ஆனால் நான் மூன்றாவது வரிசைக்குள் ஏறி, கதவை மூடச் சொல்லி, கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். நான் ஐந்தடி ஏழங்குலம். முழங்கால் முன்னிருக்கையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பக்கச் சன்னல் தோள் உயரத்தில் தொடங்கி நன்றாக வெளியே காட்டியது. நான் பார்த்த அந்தக் காரில் கடைசி வரிசைக்கும் இடுப்புப் பெல்ட் இருந்தது. எல்லாக் காரிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வோர் இருக்கையிலும் கையை விட்டுத் தேடி, இழுத்துப் பார்த்து, எண்ணிக்கொள்ளுங்கள்.

எனவே எங்கள் வீட்டுக்கு 505 ஃபமிலியால். பெட்ரோல் இன்ஜின், 1,971 சிசி அல்லது 2,165 சிசி. 2,498 சிசி டீசல் ஆயுள் கெட்டி, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனாலும் பிள்ளைகள் மூச்சுவிடுகிற ஊருக்குள் பழைய டீசல் புகையைக் கக்கிக்கொண்டு போக எனக்கு மனம் இல்லை.

பத்திர வேலை கடினமில்லை. 30 வயது கடந்து, தயாரிப்பு நின்று, மூல வடிவம் மாறாத காருக்குச் சேகரிப்புக் கார் என்று தனிப் பதிவு எடுக்கலாம். எடுத்தால் கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்தப் பதிவோடு தொழிலுக்கு ஓட்டக்கூடாது. கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கொமெர்சியால் வாங்கிக் கறிவேப்பிலை ஏற்றலாம் என்ற ஆசை சட்டப்படி நடக்காது.

பார்க்கவேண்டிய இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்கதவின் கீழ் விளிம்பு, மூன்றாம் வரிசைக்கு அடியில் கால் வைக்கும் தகடு, பின் சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்பிரிங் உட்காருகிற கிண்ணம். தரைவிரிப்பைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். தகடு மொறுமொறுவென்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இருக்கைகளை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். பூட்டும் கொக்கி தேய்ந்திருந்தால் சடன் பிரேக்கில் இருக்கையே முன்னால் வரும். இன்ஜின் சாமான் கிடைக்கும், மூன்றாவது வரிசை இருக்கை தொலைந்திருந்தால் தேடித் திரிய வேண்டியிருக்கும். முந்தைய உரிமையாளர்களில் பலர் அதைக் கழற்றிப் பரணில் போட்டு, வீடு மாறும்போது எறிந்துவிடுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை லியோனுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். வெளிர்நீலம், 1986. இருக்கை எட்டும் இருக்கிறதா என்று போனில் முதலில் கேட்டவர் அம்மா. முன்னிருக்கை அவருக்கென்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். கடைசி வரிசையின் வலது சன்னலை மூத்தவள் இப்போதே தன் பெயரில் எழுதி வைத்துவிட்டாள்.